இரண்டு வாசல் கப்டன்

நான் லண்டனில் கண்ட மனிதர்களில், இரண்டு பேர் சேர்ந்து நின்றால்கூட நடுவில் ஒரு கோடு கிழிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பதினொரு பேர் கையில் கிடைத்தால் விடுவாரா? எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட் அணிக்கு அவர் பத்து வருடத்துக்கு மேல் கப்டன். ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனைவிகூடக் 'கப்டன்' என்றுதான் சொல்வார். நானும் இங்கே பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

எண்பத்தைந்தில் நான் அண்ணாவோடு கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தேன். கிழமை நாட்களில் தையல் ஃபக்டரி. ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டில் தனியே விட மனமில்லாமல் அண்ணா மைதானத்துக்குக் கூட்டிப்போவார். முதல் நாள் கப்டன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அண்ணாவிடம் கேட்டார்.

"தங்கச்சிக்கு இங்கிலீஷ் எழுத வருமோ?"

"ரைப்பிங்கும் தெரியும், அண்ணை."

"அப்ப ஸ்கோர் எழுதட்டும்."

என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி. யார் என்ன செய்தார்கள் என்று பிறகு ஒருவரும் கதை மாற்ற முடியாது. அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

புதிதாக விளையாட வருகிறவர்களிடம் கப்டன் மூன்று கேள்வி கேட்பார். எந்தக் கொலிஜ்? ஊரிலே எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்யிறவர்? பந்து போடத் தெரியுமா என்பது நாலாவது கேள்வி. அதைச் சிலவேளை மறந்தும் போவார். மூன்றாவது பதிலிலேயே ஆளை எங்கே வைப்பது என்று முடிவாகிவிடும்.

பழைய இங்கிலாந்தில் கிரிக்கெட் வீரர்கள் இரண்டு சாதி என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார். பொழுதுபோக்குக்கு விளையாடுகிற கனவான்கள் ஒரு பக்கம், கூலிக்கு விளையாடுகிறவர்கள் மற்றப் பக்கம். கனவான்களுக்கு நடு வாசல், கூலிக்காரருக்குப் பக்க வாசல். உடுப்பு மாற்றுகிற அறையும் வேறு. ஸ்கோர் அட்டையில் கனவான்களுக்கு முன்னால் 'மிஸ்டர்' வரும், முதலெழுத்துகள் வரும். மற்றவர்களுக்கு வெறும் பெயர். இதைச் சொல்லும்போது அவருடைய முகம் கோயில் பிரசாதம் வாங்கின மாதிரி மலர்ந்திருக்கும்.

எங்கள் அணியில் கூலிக்கு விளையாட யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. அதற்கு அவர் வழி கண்டுபிடித்தார். எண்பத்திமூன்று கலவரத்துக்கு முன்னால் படிக்க வந்து டொக்டராகவும் இஞ்சினியராகவும் ஆனவர்கள் கனவான்கள். பிறகு அகதியாக வந்து பெட்ரோல் ஸ்டேஷனிலும் ரெஸ்டோரண்டிலும் நிற்கிறவர்கள் மற்றவர்கள். வெளி மைதானங்களுக்குப் போனால் கனவான்கள் பவிலியனுக்குள்ளே உடுப்பு மாற்றுவார்கள். மற்றவர்கள் அண்ணாவின் வானுக்குள்ளே குனிந்தபடி காற்சட்டை மாற்றுவார்கள். கேட்டால், "அது அவையின்ர பாரம்பரியம், தங்கச்சி. நாங்கள் மதிக்க வேணும்" என்பார். ஊரிலே யார் எந்தப் படி வரைக்கும் வரலாம் என்று பார்த்து வளர்ந்த மனிதருக்கு, அதையே இங்கிலீஷில் செய்ய ஒரு பாரம்பரியம் கிடைத்திருந்தது. வேறொன்றும் இல்லை.

ஸ்கோர் புத்தகத்திலும் அப்படியே எழுதச் சொன்னார். டொக்டருக்கு மிஸ்டரும் இரண்டு முதலெழுத்தும். வேகப்பந்து போடுகிற யோகநாதனுக்கு வெறும் 'யோகன்'. என் சொந்த அண்ணாவுக்கும் வெறும் பெயர்தான். எழுதினது நான். அவரைக் குறை சொல்கிற வாயால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேர்மையில்லாத காரியத்துக்கு இங்கிலீஷ்காரர் சொல்கிற ஒரு வசனம் அவருக்கு வாய்த்திருந்தது: "தட் இஸ் நொட் கிரிக்கெட்." யாராவது பிந்தி வந்தாலும் அதுதான், சம்பலுக்கு உப்புக் கூடினாலும் அதுதான். மட்டையில் பந்து பட்டுப் பிடிபட்டால் நடுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, தானாக நடந்து வெளியே வரவேண்டும், அதுதான் கனவானுக்கு அழகு என்று தேநீர் இடைவேளைகளில் பிரசங்கம் செய்வார். ஒருநாள் அவருடைய மட்டையிலேயே பட்டது. அந்தச் சத்தம் எல்லைக்கோட்டுக்கு வெளியே மேசையில் இருந்த எனக்குக் கேட்டது. விக்கெட் காப்பாளர் பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். கப்டன் அசையவில்லை. மட்டையின் பிடியை இரண்டு தரம் முறுக்கிப் பார்த்து, "ஹாண்டில் லூசாப் போச்சு, அதுதான் சத்தம்" என்றார். நடுவராக நின்றது எங்கள் டொக்டர். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். ஓட்டமில்லாத பந்து என்று நான் புள்ளி வைத்தேன். அன்றைக்குக் கப்டன் அறுபது ஓட்டம்.

அவருக்கு ஒரு பெரிய வேலை இருந்தது. கவுன்சில் கந்தோரின் கிளார்க் வேலையை நான் சொல்லவில்லை. அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஆதிகாலத்தில், கப்பலேறிக் கடல் கடந்துபோன இங்கிலாந்து அணிகளில் ஒன்றுக்குக் கப்டனாக இருந்த ஒருவரின் சரித்திரம். தாடியும் இடுப்புப் பட்டியுமாக ஒரு மனிதர். பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதம் கப்பலில் கிடந்து, வாந்தியெடுத்து, இறங்கின மூன்றாம் நாளே விளையாடியிருக்கிறார்கள். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. எங்கள் கப்டனோ வாந்தி வேண்டாம் என்று வெட்டிவிட்டார். "அவர் ஒரு பிரபு வம்சம், தங்கச்சி. அப்பிடி எழுதக்கூடாது."

புத்தகத்தை ரைப் பண்ணச் சனிக்கிழமைகளில் நான் சட்டனுக்குப் போவேன். எங்கள் ஆட்கள் இல்லாத இடம் என்று தேடி அவர் வீடு வாங்கினது சட்டனில். பிறகு ஒவ்வொருவராக எங்கள் ஆட்கள் அங்கேயும் வர, மழைக்கு ஒதுங்கினவனின் கூரை ஒழுகினமாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். பிஸ்கட் தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு, கப்டன் பார்க்காதபோது இன்னும் இரண்டு வைத்துவிட்டுப் போவார். மனைவி வாயைத் திறந்து ஒரு இங்கிலீஷ் சொல் சொன்னால் கப்டன் உடனே திருத்துவார். திருத்தித் திருத்தி அந்த மனுசியை ஊமையாக்கி வைத்திருந்தார்.

முதலாம் அத்தியாயத்துக்கு அந்த ஆதிக் கப்டனின் தகப்பன் பெயர் தேவைப்பட்டது. "நூல்நிலையத்தில பழைய பேப்பர் இருக்கு, ஒருக்காப் போய்ப் பாத்துக்கொண்டு வாரும்" என்று என்னை அனுப்பினார். இரண்டு சனிக்கிழமை தூசி குடித்தேன். மூன்றாவது சனிக்கிழமை கிடைத்தது. தகப்பன் குதிரைக்கு லாடம் அடிக்கிறவர். பிரபு குடும்பத்துக்கும் இவர்களுக்கும் குடும்பப் பெயர் மட்டும்தான் ஒன்று. மகன் பத்து வயதில் உலைக்குத் துருத்தி ஊதி, பிறகு கூலிக்குப் பந்து போட்டு, அப்படியே மேலே வந்திருக்கிறார். கப்டனானபிறகும் சொந்த ஊர் மைதானத்துக்குள்ளே பக்க வாசலால்தான் போய் வந்திருக்கிறார். வயது போனபின் அதே மைதானத்தில் உருளை இழுத்துப் புல் வெட்டிச் செத்துப்போனார்.

நான் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் ரைப் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கப்டன் இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது வேற ஆள்."

"இல்லை அண்ணை. கப்பல் போன வருஷம், அணியில ஆக்களின்ர பேர், எல்லாம் பொருந்துது."

"தங்கச்சி, நீர் ரைப் பண்ணுறதுக்கு வந்தனீர். இந்தப் பக்கம் வேண்டாம்."

அடுத்த கிழமை அவர் கையெழுத்தில் புதுப் பக்கம் தந்தார். அதில் தகப்பனுக்கு நிலமும் வேட்டை நாய்களும் இருந்தன. முடிவில் ஆதிக் கப்டன் தன் பண்ணைக்கு ஓய்வெடுக்கப் போனார். அதையும் நான்தான் ரைப் பண்ணினேன்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதை. யோகனுடைய விஷயம் அப்படியல்ல.

யோகன் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்தவன். பதிவில்லாத வேலை. இடதுகையால் பந்து போடுவான். எங்கள் அணி வென்ற ஆட்டங்களில் முக்கால்வாசி அவன் கையால் வென்றது. ஊரில் அவனுடைய தமையனை ஆமி பிடித்துக்கொண்டு போய்த் திரும்பக் கொடுக்கவில்லை. அவனுடைய அகதி விண்ணப்பத்தை மறுத்துக் கடிதம் வந்தது. ஓகஸ்ட் மாதம் முழுக்க நீ ஊருக்குத் திரும்பிப் போயிருந்தாய், பயமுள்ளவன் போவானா என்று எழுதியிருந்தார்கள். போனது வேறொரு யோகநாதன். இவன் அந்த மாதம் லண்டனில்தான் இருந்தான் என்று காட்டினால் போதும், காட்டாவிட்டால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்றார் லோயர் அம்மா. எங்கே காட்டுவது? வேலைக்குச் சம்பளத் துண்டில்லை. வாடகைக்குத் துண்டில்லை. அண்ணாதான் சொன்னார், "ஸ்கோர் புத்தகம் இருக்குத்தானே!"

புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். லோயர் அம்மா விரலால் தேடினார். "இந்த மிஸ்டர்களுக்கெல்லாம் முழு விபரம் இருக்கிறது. உங்கள் ஆள் எங்கே?" நான் 'யோகன்' என்ற இடத்தைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். "எந்த யோகன்? இது யாராகவும் இருக்கலாமே. சிநேகிதர் சொன்னால் எடுபடாது, கப்டன் ஒரு கடிதம் தந்தால் சரி."

நானும் யோகனும் சட்டனுக்குப் போனோம். மழை. கதவைத் திறந்த கப்டன் எனக்கு வழிவிட்டுவிட்டு யோகனைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, சப்பாத்தில சேறு. பக்கத்துக் கேற்றால பின்னுக்கு வாரும்."

யோகன் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். குசினி வாசலிலேயே நின்றான். விஷயத்தை நான் சொன்னேன். கப்டன் விரல்களைக் கோத்துக்கொண்டு கேட்டார்.

"நான் இதில என்னெண்டு கையெழுத்து வைக்கிறது? எனக்கு ஆளைத் தனிப்படத் தெரியாதே."

"மூண்டு வருஷமா உங்களுக்குப் பந்து போடுறான், அண்ணை."

"பந்து போடுறது வேற, தங்கச்சி. நாளைக்கு ஏதும் பிழையெண்டு வந்தா என்ர பேர் அடிபடும். புத்தகம் வெளியில வாற நேரம். அவையளின்ர கந்தோருக்கு நாங்கள் உண்மை மட்டும்தான் எழுத வேணும். இல்லாட்டி தட் இஸ் நொட் கிரிக்கெட்."

"அந்த ஓகஸ்ட்ல நான் உங்களுக்கு ரண்டு மட்ச் வெண்டு தந்தனான், கப்டன்" என்றான் யோகன் வாசலில் நின்றபடி. கெஞ்சவில்லை. ஞாபகப்படுத்தினான், அவ்வளவுதான்.

"ஓம், ஓம். ஒரு யோகன் வெண்டு தந்தது ஞாபகம்" என்றார் கப்டன்.

கடைசியில் ஒரு கடிதம் தந்தார். 'இவர் பயனுள்ள பந்துவீச்சாளர். குறித்த நாட்களில் சமூகமளித்தவர் இவர்தானா என்பதை உறுதிப்படுத்த இயலாதிருக்கிறேன்.' லோயர் அம்மா அதை வாசித்துவிட்டு, இது வெளியே தெரியாமலிருப்பது நல்லது என்று மடித்து வைத்தார்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. 'மிஸ்டர்' என்ற நாலு எழுத்தையும் ஒரு முதலெழுத்தையும் எழுதாமல் விட்டதற்கு ஒரு மனிதனை ஆமியிடம் அனுப்பப்போகிறேன் என்பது நெஞ்சுக்குள்ளே கிடந்து அரித்தது.

விடிய எழும்பும்போதுதான் புத்தி வந்தது. கிரிக்கெட்டில் ஸ்கோர் எழுதுகிறவர்கள் இரண்டு பேர். ஒவ்வொரு அணிக்கும் ஒருவர், பக்கத்துப் பக்கத்தில் இருந்து எழுதுவார்கள். அந்த ஓகஸ்ட்டில் சட்டனுக்கு அப்பால் ஒரு கிராமத்து அணியோடு இரண்டு ஆட்டம் விளையாடினோம். அவர்களுக்கு எழுதினது ஒரு வெள்ளைக்காரக் கிழவி. புருஷன் அந்த அணியில் விளையாடினவராம். அவர் செத்தபிறகும் ஞாயிறில் போக வேறு இடமில்லாமல் வந்து எழுதுகிறவர். நான் வெறும் 'யோகன்' என்று எழுதினதைப் பார்த்துவிட்டு, "என்ன பெண்ணே, இந்தப் பையனுக்குத் தகப்பன் இல்லையா?" என்று கேட்டவர். எனக்கு வெட்கமாகப் போயிருந்தது. யோகன் அன்றைக்கு ஏழு விக்கெட். ஆட்டம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, "என் புத்தகத்தில் நீயே எழுது" என்று பேனையைக் கொடுத்தார்.

அண்ணாவின் வானில் போனோம். கிழவி தோட்டத்தில் இருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்னே உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். இரண்டு ஞாயிறும் இருந்தன. ஓரத்தில் யோகனின் கையெழுத்தில் சின்னத்துரை யோகநாதன் என்று முழுப்பெயர். அதன் கீழே கிழவியின் கையெழுத்தில், 'இடதுகைக்காரர். கேக் மூன்று துண்டு.'

மேன்முறையீட்டில் கிழவி தொப்பி போட்டுக்கொண்டு வந்து சாட்சி சொன்னார். விசாரித்தவர் கேக் விஷயத்தைச் சத்தமாக வாசித்தபோது அவரே சிரித்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து யோகனுக்கு இருக்கலாம் என்று கடிதம் வந்தது.

கப்டன் அடுத்த ஞாயிறு எல்லோரையும் வட்டமாகக் கூப்பிட்டார். "பாத்தியளோ? இதுதான் வெள்ளைக்காரன்ர நியாயம். நான் தலையிடாம விட்டதுக்கு அதுதான் காரணம். எனக்குத் தெரியும், அவை சரியாச் செய்வினம் எண்டு." அண்ணா பந்தை நிலத்தில் போட்டுவிட்டு வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வானோடு ஐந்து பேர் போனார்கள். கனவான்கள் ஆறு பேர் மைதானத்தில் நின்றார்கள், அவர்களில் ஒருவருக்கும் பந்து போடத் தெரியாது. அணி அன்றோடு முடிந்தது.

வரப்போகுது, வரப்போகுது என்ற புத்தகம் ஒருவழியாக வெளிவந்தது தொண்ணூறுகளின் நடுவில், வெம்பிளியில் ஒரு மண்டபத்தில். இங்கிலீஷ்காரருக்கு இருபது அழைப்பு அனுப்பியிருந்தார். முன்வரிசை நாற்காலிகளில் அவர்களுக்கென்று துண்டு ஒட்டியிருந்தது. ஒருவரும் வரவில்லை. துண்டுகளைக் கிழித்துவிட்டு எங்கள் ஆட்களைக் கொண்டுபோய் இருத்தினார்கள். அப்படித்தான் நானும் யோகனும் முன்வரிசைக்கு வந்தோம். யோகன் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். கப்டன் மேடையில் பொன்னாடையோடு நின்று அவனைக் கைகாட்டி, "என்ர கையில வளர்ந்த பிள்ளை" என்றார். யோகன் என் பக்கம் சரிந்து கேட்டான்: "அக்கா, நான் இவற்ற கையில எப்ப வளர்ந்தனான்?"

பேசினவர்கள் எல்லோரும் பிரபு வம்சத்தைப் புகழ்ந்தார்கள். ஒருவரும் புத்தகத்தை வாசித்திருக்கவில்லை. முடிவில் தலைவர், சபையில் யாருக்கும் கேள்வி உண்டோ என்று கேட்டார். நான் எழும்பினேன்.

"அந்தக் கப்டன்ர தேப்பன் குதிரைக்கு லாடம் அடிச்சவர். மகனும் கூலிக்குத்தான் பந்து போட்டவர். பக்க வாசலாலதான் போய் வந்தவர். நான் பேப்பரில பாத்து ரைப் பண்ணிக் குடுத்தனான். அந்தப் பக்கம் ஏன் புத்தகத்தில இல்லை?"

கப்டன் பொன்னாடையைச் சரிப்படுத்திக்கொண்டு சிரித்தார்.

"தங்கச்சி நல்ல ரைப்பிஸ்ட். சரித்திரம் வேற வேலை."

எல்லோரும் சிரித்தார்கள். யோகன் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம். வடை வந்துவிட்டது.

நான் முகத்தைக் கழுவ மண்டபத்துச் சமையலறைக்குள் போனேன். அங்கே கப்டனின் மனைவி தனியே நின்று பெரிய கேத்தலில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். புருஷனின் புத்தக வெளியீட்டை அவர் கதவிடுக்கால்தான் கேட்டிருக்கிறார்.

"நீர் சொன்னது உண்மையோ?" என்றார்.

"ஓம் அக்கா."

"தேப்பன் லாடம் அடிக்கிறவரோ?"

"ஓம். மகன் சின்னனில துருத்தி ஊதினவராம். கடைசியில அதே மைதானத்தில புல்லு வெட்டினவர்."

அவர் கேத்தலை இறக்கி வைத்தார். "அந்தக் கப்பல் கப்டன்ர படம் எங்கட சாமியறையில இருக்கு, தெரியுமே? பிள்ளையாருக்குப் பக்கத்தில. பதினெட்டு வருஷமா நான் ஒவ்வொரு வெள்ளியும் அதுக்குப் பூ வைக்கிறன். இவர் நிண்டு பாப்பார், வைச்சனானோ எண்டு."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். அந்த மனுசி சிரித்து நான் கண்டதேயில்லை. தோள் குலுங்க, மேசையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் அடங்காமல் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு நாளும் அந்தப் படத்து ஆளை எனக்குக் கண்ணிலயும் காட்டேலாது. இனி மனமொத்துப் பூ வைப்பன். பாவம், உழைச்சுச் செத்த மனுசன்."

அப்போது மண்டபத்திலிருந்து கப்டனின் குரல் கேட்டது. "தேத்தண்ணி எங்கை? எவ்வளவு நேரம்?"

அந்த மனுசி கதவுப் பக்கம் திரும்பினார். இருபது வருடப் பழக்கம், கை தானாகக் கோப்பைக்குப் போனது. பிறகு கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தார்.

"போய்ச் சொல்லும், வந்து ஊத்திக் குடிக்கட்டாம்."

போய்ச் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.